தேங்காய் கிரீம் நிற்க மறுத்த வாரம்

ஆறாவது முறையும் கிரீம் படுத்துவிட்டது.

விமலாராணி கிரீம் அடிக்கிற பீட்டர் மெஷினை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தையே வெறித்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அது கிரீமாகத்தான் இருந்தது. கம்பி போன வழியெல்லாம் தடம் விழுந்தது. பீட்டரைத் தூக்கினால் நுனியில் சின்னதாக ஒரு மூக்குகூட நின்றது. இன்னும் கொஞ்சம் கெட்டிப்படட்டும் என்று மேலும் ஓட்டினாள். அவ்வளவுதான். மூக்கு சரிந்தது, தடம் மூடிக்கொண்டது, கடைசியில் கிண்ணத்தில் மிஞ்சியது ஆப்பத்துக்கு ஊற்றிக்கொள்கிற தேங்காய்ப்பால். ஆப்பத்துக்குத்தான் என்றால் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, மேலே கட்டிய ஏட்டை மட்டும் வழித்தெடுத்து, இந்தப் பாடெல்லாம் எதற்கு?

அந்த நேரம் பார்த்துத்தான் கிளாடிஸ் குன்னூரிலிருந்து கூப்பிட்டாள். கிளாடிஸ், விமலாராணியின் கணவர் தேவானந்தத்தின் தங்கை. குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வருகிற சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம்.

"அண்ணி, எனக்கு நின்னுடுச்சுங்க!"

"என்ன நின்னுச்சு?"

"கிரீம்தானுங்க. நீங்க குடுத்தனுப்பின தேங்காய்லயே நானும் ஒருக்கா பண்ணிப் பாத்தேன். கிண்ணத்தைக் கவுத்துனாக்கூட விழ மாட்டேங்குது."

"பீட்டர் ஏது உனக்கு?"

"பீட்டரெல்லாம் ஏதுங்க? ஹாஸ்டல் மெஸ்ல முட்டை அடிக்கற கம்பி ஒண்ணு கெடந்துச்சு. அதுல கையாலயே அடிச்சுபோட்டேன்."

"சந்தோசம் கண்ணு" என்று சொல்லிப் போனை வைத்தாள் விமலாராணி. அவளுக்குச் சந்தோஷம் துளியும் இல்லை. கணபதிப் பகுதியில் பத்து வருஷமாக வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுப்பவள் அவள். கிளாடிஸோ நூடுல்ஸுக்குத் தண்ணீர் அளக்கவே யாரையாவது கேட்பாள். தேங்காயில்தான் ஏதோ கோளாறு என்று இதுவரை தேற்றிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தச் சமாதானமும் போயிற்று.

விட்டுத்தொலை என்று விடவும் முடியாது. மாப்பிள்ளை ஆரோனுக்குப் பால் ஆகாது. பாலில் இருக்கிற புரதம் ஒரு சொட்டு உள்ளே போனாலும் உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். போன மாதம் நிச்சயதார்த்தத்தன்று அதுதான் நடந்தது. அன்றைய கேக் விமலாராணி செய்தது. "பால் இல்லீங்க, வெறும் வெஜிடபிள் கிரீம்தான், தைரியமாச் சாப்பிடுங்க" என்று அவளே தன் கையால் ஊட்டினாள். பத்து நிமிடத்தில் ஆரோனின் உதடு மிளகாய்ப் பழம் மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலம்வரை படுக்கவைத்துத்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து டப்பாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். கொழுப்பு தாவரக் கொழுப்புதான். ஆனால் பொடி எழுத்தில், கடைசிக்கு முந்தின வரியில், சோடியம் கேசினேட். பாலிலிருந்து எடுக்கிற புரதம். பத்து வருஷத்தில் ஒருநாளும் அந்த வரியை அவள் படித்ததில்லை.

ஆரோனின் அம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தாலாவது பரவாயில்லை. "கல்யாணத்தன்னிக்குக் கேக்கெல்லாம் எதுக்குங்க? மேடையில ஒரு பழத்தை வெட்டிக்கலாம்" என்று அத்தனை மரியாதையாகச் சொன்னார். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் கேக் வெட்டி ஒருவருக்கொருவர் ஊட்டாத கல்யாணத்தை அந்தச் சபையில் யாரும் பார்த்ததில்லை. கிளாடிஸ்தான் ஒரே பிடியாக நின்றாள்: "எங்க அண்ணி பண்ணுவாங்க. ஆரோன் சாப்புடுவாரு." அந்த வார்த்தை விமலாராணியின் கழுத்தில் கல்லாகத் தொங்கியது.

வந்தவர்களுக்குக் கொடுக்க பிளம் கேக் பொட்டலம் தனியாக வருகிறது. மேடையில் வெட்ட ஒரு சின்ன கேக், பால் வாசமே படாதது, அவ்வளவுதான் வேண்டும். அடிக் கேக்கை எண்ணெயும் தேங்காய்ப்பாலும் விட்டு முதல் முயற்சியிலேயே பஞ்சு மாதிரி எடுத்துவிட்டாள். தேங்காய் ஆரோனுக்கு ஒத்துக்கொள்ளும். வாரம் இரண்டு நாள் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிடுகிற ஆள். மேலே பூசுகிற கிரீம்தான் உயிரை வாங்குகிறது. கடையில் விற்கிற தேங்காய்ப்பால் டப்பாவை வாங்கிப் பார்த்தாள். பிரியாமல் இருக்க ஏதோ பசை சேர்த்திருந்ததால் இரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருந்தும் அதில் ஏடே கட்டவில்லை. சோள மாவு சேர்த்துப் பார்த்தாள், கூழ் ஆயிற்று. சர்க்கரைப் பொடியைக் கூட்டினாள். தித்திப்பான தேங்காய்ப்பால் ஆயிற்று. இன்றைக்குப் புதன்கிழமை.

மத்தியானம் சாப்பிட வந்த தேவானந்தம் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். இரண்டு தெரு தள்ளி அவருக்குச் சின்னதாக ஒரு பட்டறை. பம்புக்கு வேண்டிய உதிரிப்பாகம் கடைந்து கொடுப்பார்.

"மறுபடியும் ஊத்திக்கிச்சா அம்மணி?"

"கண்ணு இருக்குதில்லீங்க? பாருங்க."

"எனக்கென்னமோ ஆர்பிஎம் பத்தலைன்னு தோணுது. இந்த பீட்டர் என்ன, பொம்மை மோட்டார். காத்து உள்ள ஏறணும்னா வேகம் வேணும்."

"உங்க தங்கச்சி கையால அடிச்சு நிக்க வெச்சுட்டா."

"அவ கைய உனக்குத் தெரியாது. சின்ன வயசுல என்னைய அடிச்சிருக்கறா."

சொன்னதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். சாப்பிட்ட கையோடு பட்டறைக்குப் போய், துளை போடுகிற டிரில் மெஷினை எடுத்து வந்து, அதன் வாயில் பீட்டர் கம்பியைக் கவ்வக் கொடுத்தார். ஏழாவது ஏடு ஃபிரிட்ஜில் தயாராக இருந்தது. விமலாராணி கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் ஓட்டினார். ஏடு ஒரு சுற்று கெட்டிப்பட்டது. "பாத்தியா!" என்றார். அந்த வார்த்தை முடிவதற்குள் இளகி, சுவரிலும் காலண்டரிலும் அவர் சட்டையிலும் தெறித்தது.

"இன்னும் கொஞ்சம் வேகம் வெச்சா..."

"போங்க. தயவு பண்ணிப் பட்டறைக்குப் போயிருங்க."

அவர் நழுவினார். டிரில்லை மறந்துவிட்டுப் போனார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிரில்லை ஒரு கையிலும், தெறித்தது போக மிச்சம் கிடந்த எவர்சில்வர் கிண்ணத்தை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் இரண்டு தெருவும் நடந்தாள். கிண்ணத்தை எதற்கு எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவர் மேஜையில் நங்கென்று வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேவானந்தம் உள்ளறையில் இருந்தார். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. கடைந்த உருப்படிகளை அளந்து பார்க்கிற இடம். நடுவே வழுவழுவென்று கறுப்புக் கிரானைட் மேஜை. அதன் முன்னால் அளக்கிற வேலை பார்க்கும் தல்ஹா. அப்போதுதான் லேத்திலிருந்து வந்த ஒரு தண்டை முதலாளி நீட்ட, தல்ஹா வாங்க மறுத்துக்கொண்டிருந்தான்.

"சூடா இருக்குதுங்க. ரெண்டு மணி நேரம் இங்கயே கெடக்கட்டும். அப்புறம்தான் அளப்பேன்."

"பார்ட்டி வெளிய நிக்கறாரு தல்ஹா!"

"நிக்கட்டுமுங்க. சூடு நிக்கக் கூடாது."

விமலாராணி கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து கிண்ணத்தைக் கிரானைட்டின் மேல் வைத்தாள். நங்கென்று.

"அக்கா! அக்கா! அது அளக்கற மேஜைங்க!"

"அளந்துக்கோ. எத்தனை சொட்டு வீணாப்போச்சுன்னு நல்லா அளந்துக்கோ. ஏனுங்க, உங்ககிட்ட நான் டிரில்லு கேட்டனா? சனிக்கெழமை அந்தம்மா முன்னாடி நான் என்ன மூஞ்சிய வெச்சுட்டு நிப்பேன்? ஊட்டி உட்டது என் கை. ஊசி போட்டது அவங்க புள்ளைக்கு."

"நான் உபகாரமாத்தான்..."

"உபகாரம் காலண்டர்ல வழியுது. போயிப் பாருங்க."

இப்படிக் கால் மணி நேரத்துக்கு மேல் போயிற்று. டிரில், நிச்சயதார்த்தம், ஆரோனின் அம்மா, தேவானந்தம் எப்போதோ வாங்கி வந்த மட்டமான முட்டை என்று ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றது. தல்ஹா பார்த்துப் பார்த்து, மேஜைக்குக் கறை பட்டுவிடும் என்று பயந்து, கிண்ணத்தை மெதுவாகத் தூக்கினான்.

"அக்கா, இது தண்ணியாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு, இருக்குது. ஏன்?"

"அடியில கட்டிக்கிச்சுங்களே."

விமலாராணி கிண்ணத்தை வாங்கிச் சாய்த்தாள். நடுவில் இன்னும் தளதளவென்று ஓடியது. ஆனால் அடியிலும் ஓரத்திலும், குளிர்ந்த கல்லைத் தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம், வெள்ளையாக, விரலால் வழிக்கிற பதத்தில் பிடித்திருந்தது. அவள் தலையைத் தூக்கி அறையைச் சுற்றிப் பார்த்தாள். வெயிலில் வந்த வியர்வை எப்போது காய்ந்தது என்றே தெரியவில்லை.

"இங்க ஏசி எத்தனைல வெச்சிருக்குது தல்ஹா?"

"இருபதுங்க. இருபதைத் தாண்ட உட மாட்டேன்."

"அது வந்து அம்மணி," தேவானந்தத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது, "இரும்பு சூட்டுல நீளும். நூறு மில்லிமீட்டர் தண்டு பத்து டிகிரி சூடேறினா பதினொரு மைக்ரான் நீண்டுக்கும். அதனால உலகம் பூராவும் இருபது டிகிரிலதான்..."

"இரும்பை உடுங்க. தேங்காயெண்ணெய் எத்தனை டிகிரில உருகும்?"



"மார்கழில பாட்டிலோட கட்டிக்கும்" என்றான் தல்ஹா. "வெயில்ல வெச்சாத்தான் தலைக்கு ஊத்த முடியும்."

தேவானந்தம் செல்போனில் தேடினார். "இருபத்து நாலு."

"நம்மூட்டுச் சமையக்கட்டு?"

சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு வெளியே போன தேவானந்தம், கால் மணி நேரம் கழித்து வீட்டிலிருந்து கூப்பிட்டார். முப்பத்து நாலு என்றார். குரல் சிறுத்திருந்தது.

கிரீம் நிற்பது இப்படித்தான். அடிக்கும்போது உள்ளே காற்று குமிழ் குமிழாகப் புகுகிறது. குளிரில் கெட்டிப்பட்ட கொழுப்பு, பொடிப்பொடியாகி ஒவ்வொரு குமிழையும் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. சுவர் கெட்டியாக இருக்கும்வரை கிரீம் நிற்கும். தேங்காய்க் கொழுப்புக்கு அந்தச் சுவர் இருபத்து நாலு டிகிரியில் உருகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து வருகிற ஏடு முதலில் நன்றாகத்தான் எழும்; ஆனால் சமையலறைச் சூடு வெளியிலிருந்து, கம்பி உரசுகிற சூடு உள்ளிருந்து, இரண்டும் சேர்ந்து சுவரை இடித்துவிடும். டப்பா கிரீமில் சட்டென்று உருகாத கொழுப்பும், அதைத் தாங்கிப் பிடிக்கிற சேர்மானமும் இருப்பதால் எந்த வெயிலிலும் நிற்கும். அடிக்க அடிக்க இன்னும் கெட்டிப்படும். பத்து வருஷம் அதையே அடித்த கை, தேங்காயையும் அதே மாதிரி அடித்தது. தளர்ந்தால் இன்னும் அடி, இன்னும் வேகமாக அடி. டிரில் செய்ததெல்லாம் அந்தத் தப்பையே மும்மடங்கு வேகத்தில் செய்ததுதான். குன்னூரில் கிளாடிஸின் அறை எப்படியும் பதினெட்டு டிகிரி இருக்கும்.

"வேகம் பத்தலைன்னு சொன்னீங்களே" என்றாள் போனில்.

"சரி உடு அம்மணி."

"இருபது டிகிரி ரூமுக்குள்ள தெனமும் உக்காந்துட்டு, சூட்டைப் பத்தி ஊருக்கே பாடம் எடுத்துட்டு, எனக்கு டிரில்லு கொண்டாந்தீங்க."

"உடு அம்மணி!"

வியாழக்கிழமை மத்தியானம் அந்த அறையிலேயே கிரீம் அடித்தாள். தல்ஹா நிபந்தனை போட்டான்: செருப்பு வெளியே, கிரானைட்டின் மேல் ஒரு துளி படக்கூடாது, சர்க்கரைப் பொடியை வீட்டிலேயே ஏட்டோடு பிசைந்துகொண்டு வர வேண்டும். "பொடி பறந்து, அளக்கற மைக்ரோமீட்டருக்குள்ள ஏறிச்சுன்னா நான் லீவு போட்டுருவேனுங்க" என்றான். தனியாக ஒரு ஸ்டூல் போட்டு, ஐஸ்தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை இறக்கி, பீட்டரைக் குறைந்த வேகத்தில் வைத்தாள். மூன்று நிமிடத்தில் தடம் விழுந்தது. ஐந்தாவது நிமிடம் மூக்கு நின்றது. கை பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஓட்டப் பார்த்தது. பிளக்கையே பிடுங்கிவிட்டாள்.

சாயங்காலம் ஆரோன் வந்தான். கூடவே அவன் அம்மாவும் வந்தார், கைப்பையில் மாத்திரையோடும் ஊசியோடும். கிரீமில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். "தேங்காயும் சர்க்கரையும். வேறொண்ணும் இல்லீங்க" என்றாள் விமலாராணி. இந்தத் தடவை அவள் ஊட்டவில்லை. ஸ்பூனை ஆரோன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவன் நுனி நாக்கில் தொட்டான். கால் மணி நேரம் காத்திருந்தார்கள். அரை ஸ்பூன் சாப்பிட்டான். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். எல்லோரும் அவன் உதட்டையே பார்த்ததில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு உதடாகவே இருந்தது. "கிண்ணத்தைக் குடுங்க அக்கா" என்றான். பிறகு அவன் அம்மாவும் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டார். "சனிக்கெழமை இதையே வெட்டிக்கலாமுங்க" என்றார்.

சனிக்கிழமைக்கு விமலாராணி செய்தது இதுதான். முற்றின தேங்காய் மூன்றைத் துருவி, தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்துப் பிழிந்த முதல் பாலை முந்தின நாளே ஃபிரிட்ஜில் வைத்தாள். மறுநாள் காலையில், மேலே கட்டிய ஏட்டை மட்டும் எடுத்துச் சர்க்கரைப் பொடி சேர்த்தாள். கிண்ணத்தையும் கம்பியையும் குளிரவைத்து, ஐஸ்தண்ணீருக்கு மேல், இருபது டிகிரி அறையில், மெதுவான வேகத்தில் அடித்தாள். மூக்கு நின்றவுடன் நிறுத்தினாள். அங்கேயே கேக்கில் பூசி, ஐஸ் பெட்டியில் வைத்து மூடி, கத்தி மேடைக்கு வந்த பிறகுதான் திறந்தாள். கிரீம் நின்றது.