குழாய் போன வழி

பஸ்ஸை விட்டு இறங்கி, மேட்டில் மூச்சு வாங்க நின்றபோதுதான் ரசமட்டம் அதைப் பார்த்தார். கீழே புல்வெளியில் சிவப்பாக ஒரு கோடு. சாலையோரமாக நூல் பிடித்தாற்போல வந்து, மூன்றாவது மின்கம்பத்தருகே புல்வெளிக்குள் இறங்கி, இருபதடி வயிறு தள்ளிக்கொண்டு வளைந்து, ஐந்தாவது கம்பத்தில் மறுபடி சாலையோரத்துக்கே வந்து சேர்ந்தது. பின்னால் இறங்கியவர்கள் "அட, என்ன அழகு!" என்றார்கள். இவர் கம்பங்களை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார்.

அவருக்கு அந்தப் பேரை யார் வைத்தார்கள் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. முப்பத்தோரு வருஷமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்கிறவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். குழாயை இறக்கியதும் அதன் மேல் வைத்துப் பார்ப்பார்; கண்ணாடிக்குள் இருக்கிற குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஒருவனையும் மண் தள்ள விடமாட்டார். வீட்டில் சாப்பாட்டு மேசை ஆடினால்கூட அவர் மனைவி, "உங்க குமிழியக் கொண்டாங்க, என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று கிண்டல் செய்வாள். அப்பேர்ப்பட்ட மனுஷன் போட்ட குழாய், கோணல்மாணலாகக் கிடந்தது. அதுவும் பூப்பூத்து, ஊர் பார்க்க.

பூவைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. குழாய்க்காரர்களுக்கு அது பழக்கமான பூதான். காட்டுப் பாப்பி. சமையலறை டப்பாவில் இருக்கிற கசகசாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் பிடிவாதக்காரி. வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நட்டால் சாயங்காலத்துக்குள் துவண்டுவிடும். பறித்துக் கையில் வைத்திருந்தால் வீடு போய்ச் சேருவதற்குள் இதழ் கொட்டிவிடும். காய் ஒவ்வொன்றிலும் தூசி மாதிரி ஆயிரம் விதை. மூடிக்குக் கீழே சுற்றிலும் ஓட்டை. காற்றடித்தால் உப்பு டப்பாவை உதறினது போலக் கொட்டும். கொட்டிய விதை மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பத்து வருஷமோ ஐம்பது வருஷமோ, அதற்கு ஒரு அவசரமும் கிடையாது. யாராவது மண்ணைக் கிளறி அதற்குக் கொஞ்சம் வெளிச்சம் காட்டினால் போதும், எழுந்துவிடும். புல் மூடிய இடத்தில் எட்டிக்கூடப் பார்க்காது. குழி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு மட்டும் வரும். அடுத்த வருஷம் புல் ஏறிவிட்டால் போன இடம் தெரியாது. ஒரே ஒரு வருஷம்தான் காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு வருஷம் இதுதான்.

போன வருஷம், குளிருக்கு முன்னால், நேர்க்கோட்டில்தான் தோண்டினார்கள். மூன்றாவது கம்பத்தருகே பாறை. உடைக்க இன்னும் பத்து நாள் ஆகும். அந்த வாரம்தான் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் குழிக்கும் நடுவில் அலைந்து, மூன்று நாள் கண் மூடாமல், நான்காம் நாள் காலையில் "பாறையைச் சுத்திப் போங்கடா" என்று சொல்லிவிட்டார். சுற்றிப் போன இடத்திலும் பாறை அடியில் படுத்திருந்தது. ஆளுயர ஆழத்தில் கிடக்க வேண்டிய குழாய் அங்கே முழங்கால் ஆழத்தில் கிடந்தது. அவர் குமிழியை வைத்துப் பார்க்கவில்லை. மண்ணைத் தள்ளச் சொன்னார். அவர் வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.

தண்ணீர் ஆபீஸில் வரைபடம் போடுகிறவன் அவர் மனைவியின் தம்பி. காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் அவனுக்குப் பேரே பென்சில். "கொஞ்சம் வளைஞ்சு போயிருக்கு மாப்ள, வந்து அளந்துக்கோ" என்றார். அவனும் அக்காவுக்காக ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருந்தான். "பழைய பிளான்படியே நேராப் போட்டு விட்டுடறேன் மாமா, அப்புறம் திருத்திக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். அந்த அப்புறம் வரவேயில்லை.

மேட்டிலிருந்து இறங்கிப் புல்வெளியைத் தாண்டினால், அன்றைக்கு அவர் போக வேண்டிய பம்ப் ஹவுஸ். நடுவழியில் ஒரு பெண் மரக்கட்டைகளை மண்ணில் அடித்து ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். கேபிள் கம்பெனிக்கு அளவெடுப்பவள். அவள் அடித்த கட்டைகள் சிவப்பு வயிற்றின் நடுவே இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போயின.

"சார், நீங்க தண்ணி ஆபீஸா? இந்தப் பூவெல்லாம் யாரு சார் போட்டது?"

"யாரும் போடலம்மா. தானா வர்றது."

"தானா வர்றது இவ்ளோ ஒழுங்காவா வரும்? வளைவு கூட எவ்ளோ அழகா வளைஞ்சிருக்கு!" போனை எடுத்து இரண்டு படம் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கிழமை மிஷின் வருது. அப்புறம் இந்த அழகெல்லாம் போச்சு."

"இங்கதான் தோண்டுறீங்களா?"

"ஆமா சார். உங்க குழாய் ரோட்டோரமா நேரா போகுதுன்னு மேப்ல இருக்கே, அதான் பதினஞ்சு அடி தள்ளியே போறோம். உங்க குழாய்க்கு ஒண்ணும் ஆகாது, கவலையே படாதீங்க."

"சரிம்மா" என்றார் ரசமட்டம்.

அந்த "சரிம்மா" எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பம்ப் ஹவுஸ் போய்ச் சேரும்வரை தன்னைத் தானே திட்டிக்கொண்டே போனார். மிஷினுக்கு முன்னால் குழிக்குள் இரண்டு பேர் மண்வெட்டியோடு நிற்பார்கள். பெரிய குழாய் உடைந்தால் தண்ணீர் எப்படி வரும் என்று அவர் பார்த்திருக்கிறார். பல வருஷத்துக்கு முன்னால் ஒருவனைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துப் போட்டார்கள். உயிர் பிழைத்தான், கால் பிழைக்கவில்லை. இன்னமும் சந்தையில் பார்த்தால் "என்ன ரசமட்டம், சௌக்கியமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். அந்தச் சிரிப்புதான் தாங்காது.

சாயங்காலம் பென்சில் வீட்டுக்கு வந்தான். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறான். விஷயத்தைக் கேட்டதும் காதிலிருந்த பென்சிலை எடுத்து விரலுக்கிடையில் உருட்டத் தொடங்கினான்.

"ஒரு மாசம் பொறுங்க மாமா. ஆறு வருஷமா தற்காலிகமாவே இருக்கேன். அடுத்த மாசம்தான் நிரந்தரம் பண்றாங்க, லிஸ்ட்ல என் பேரு வந்துடுச்சு. இப்ப போய் மேப்பு தப்புன்னா கையெழுத்து யாருதுன்னுதான் முதல்ல பாப்பாங்க."

"திங்கக்கிழமை தோண்டுறான்டா."

"அவங்க தோண்டுறது இடுப்பளவு. நம்ம குழாய் ஆளுயரத்துல கெடக்கு. அதுபாட்டுக்கு மேல போகட்டுமே."

ரசமட்டம் சட்டைப் பையிலிருந்த குமிழியைத் தடவிக்கொண்டார். வளைந்ததைத்தான் அவனிடம் சொல்லியிருந்தார். முழங்கால் ஆழத்தை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அந்தப் பொண்ணு எடுத்த போட்டோவ எங்க ஆபீஸ்ல ஒருத்தன் பாத்தா போதும், புரிஞ்சுக்குவான்" என்றான் பென்சில். "ஞாயித்துக்கிழமை யாரும் வரமாட்டாங்க. பூவைப் பிடுங்கிட்டா?"

"பூவைப் பிடுங்கிட்டா குழாய் நகந்துடுமா?" என்றாள் மனைவி. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த துணியை எடுத்துக்கொண்டே அவளே தொடர்ந்தாள். "என்னங்க, அவன் அந்தக் கையெழுத்தை எனக்காகத்தான் போட்டான். நீங்க பாறையச் சுத்திப் போனதும் எனக்காகத்தான். நான் என்னத்தச் சொல்ல?" மடித்த துணியை உதறி, மறுபடியும் முதலிலிருந்து மடித்தாள்.

ரசமட்டத்துக்கு அலுப்பாக இருந்தது. உடம்பு அலுப்பு இல்லை, அதுதான் தினமும் இருக்கிறதே. இது வேறே. ஒரு பக்கம் பெண்டாட்டியின் தம்பி, தோளில் தூக்கி வளர்க்காத குறை. இன்னொரு பக்கம் முகம் தெரியாத இரண்டு பேர், திங்கட்கிழமை காலையில் டிபன் பாக்ஸோடு வந்து குழியில் இறங்கப் போகிறவர்கள். "சரி, பிடுங்குவோம்" என்று சொன்னார். சொன்னால் அன்றைக்குத் தூங்கலாம் என்று நினைத்துச் சொன்னதுதான். தூக்கம் வரவில்லை.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் தனியாகப் போனார். பழக்கதோஷத்தில், மண்ணைக் குத்திப் பார்க்கிற இரும்புக் கம்பியையும் தோளில் போட்டுக்கொண்டு போனார். வளைவு தொடங்குகிற இடத்தில் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. செடியெல்லாம் மெல்லிய ரோமம். பூத்தது நிமிர்ந்து நின்றது. பூக்காத மொட்டெல்லாம் காம்பு வளைந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தது. இந்தப் பூவுக்கு அதுதான் வழக்கம், விரிகிற அன்றைக்குத்தான் தலை நிமிரும். பிடுங்கினால் தண்டிலிருந்து பால் வடிந்தது. விரலெல்லாம் பிசுபிசுப்பு, ஒரு மாதிரி மட்டமான வாடை. தொட்ட மாத்திரத்தில் இதழ்கள் கொட்டின. முந்திப் பூத்து முடிந்த சில செடிகளில் காயும் முற்றியிருந்தது. பிடுங்குகிற உதறலில் அவை மண்ணில் விதையைத் தூவிக்கொண்டே வந்தன.

முப்பது அடிதான் பிடுங்கியிருப்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து திரும்பிப் பார்த்தார். பச்சைப் புல் நடுவே, பிடுங்கின இடமெல்லாம் மண் பெயர்ந்து, புத்தம்புதிதாய்ப் பழுப்பாக ஒரு பட்டை. பூ இருந்தபோதாவது அழகு என்று நினைத்துப் போயிருப்பார்கள். இப்போது பார்த்தால் நேற்றுத்தான் யாரோ குழாய் பதித்தது போல இருந்தது. போதாததற்குப் பெயர்த்த மண்ணில் விதையும் விழுந்தாகிவிட்டது, அடுத்த வருஷமும் வரும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"என்ன மாமா?"

பென்சில் வந்து நின்றான். கையில் ஒரு கோணி. அக்கா அனுப்பியிருக்கிறாள். அவன் அந்த இடத்துக்கு வருவது அதுவே முதல் தடவை. அவன் கண் மூன்றாவது கம்பத்திலிருந்து ஐந்தாவது கம்பம் வரைக்கும் மெதுவாகப் போய் வந்தது.

"கொஞ்சம் வளைஞ்சிருக்குன்னுதானே மாமா சொன்னீங்க?"

ரசமட்டம் பதிலுக்குக் கம்பியை எடுத்தார். கேபிள் கட்டை அடித்திருந்த இடத்துக்குப் போய், அதற்குப் பக்கத்தில் பூக்களுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு கையாலும் அழுத்தினார். கம்பி முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. 'ணங்' என்றது.

பென்சில் குனிந்து பார்த்தான். "கல்லு" என்றான்.

"குழாய்."

இன்னொரு இடத்தில் குத்தினார். ணங். பென்சில் அவர் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கித் தானே குத்திப் பார்த்தான். குத்திவிட்டு அதைப் பிடித்தபடியே நின்றான்.

"இதை ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுடா. எம்பேரு என்ன, நான் பண்ணது என்ன." அவர் கேபிள் கட்டைப் பக்கம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போ. நீ வரல, உனக்கு எதுவும் தெரியாது. நான்தான் தப்பா அளவு கொடுத்தேன்னு சொல்லிக்கறேன்."

கட்டையில் அந்தப் பெண் கறுப்பு மையில் தன் போன் நம்பரை எழுதியிருந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பால் பிசுபிசுப்பில் விரல் ஒட்டியது. பென்சில் போகவில்லை. கோணியைக் கீழே போட்டுவிட்டு, பூக்கள் தொடங்குகிற இடத்துக்குப் போய் நின்றான். பிறகு பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து, மறுமுனையை அவர் காலடிக்கு உருட்டிவிட்டான்.

"பிடிங்க மாமா. பூ இருக்கறப்பவே அளந்துடலாம்." குனிந்தபடியே சொன்னான், "கையெழுத்து என்னுதுன்னும் சொல்லிடுங்க. அதை நீங்க போட முடியாதே."

ரசமட்டம் ஒரு கையில் டேப்பின் நுனியும் இன்னொரு கையில் போனுமாக நின்றார். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் காலருகே, பிடுங்காமல் விட்ட செடியில், ஒரு மொட்டு காம்பை நிமிர்த்தியிருந்தது. அதன் பச்சை மூடி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மண்ணில் விழுந்தது. உள்ளேயிருந்து இஸ்திரி போடாத சட்டை மாதிரி கசங்கிய சிவப்பு, ஓரத்திலிருந்து மெல்லப் பிரியத் தொடங்கியது. அந்தப் பக்கம் தூக்கக் குரலில் யாரோ "ஹலோ" என்றார்கள்.