எட்டாம் ரீல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். வேறு யார் தலையிலும் கட்டப் போவதில்லை. அதற்காக அந்த டிஸ்க் கம்பெனியைச் சும்மா விடப் போவதும் இல்லை.

நாங்கள் பழைய ஜப்பானியப் படப் பைத்தியங்கள். ஊர் முழுக்கத் தேடினால் ஒன்பது பேர் தேறுவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு என் அக்கா வீட்டு முன்னறையில் கூடுவோம். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். கூட்டத்தை ஆரம்பித்தவர் அவர்; என்னை இதில் இழுத்துவிட்டவரும் அவர்தான். சல்லடை என்று ஒருவர் உண்டு. அச்சகத்தில் பிழை திருத்துகிறார். எந்த டிஸ்க் வந்தாலும் படத்தைப் போடுவதற்கு முன் அட்டையில் இரண்டு எழுத்துப் பிழையாவது கண்டுபிடித்தால்தான் அவருக்கு மனசு ஆறும். எனக்குப் பல் கட்டும் லேபில் வேலை. பீங்கான் பல்லுக்கு நிறம் சேர்ப்பேன். எங்கள் மேஜையில் வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை இருக்கிறது. அப்படிப்பட்டவளிடம் ஒரு கருப்பு வெள்ளைப் படத்தைக் காட்டி, நடுவில் வரும் சாம்பல் நிறங்களைக் கொஞ்சம் விட்டுக்கொடு என்றால் எப்படி விடுவேன்?

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. கண்ட இடத்தில் கிடைக்கும் மங்கல் காப்பியைப் பார்க்கக் கூடாது. ஒழுங்காகச் சுத்தம் செய்த டிஸ்க் வரும்வரை காத்திருக்க வேண்டும். சட்டம் போட்டது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். சல்லடை ஒருமுறை ஃபோனில் ஒரு படத்தை அரைகுறையாகப் பார்த்துவிட்டு வந்து உளறினார். மூன்று மாதம் அவரோடு யாரும் சினிமா பேசவில்லை. பாவம், மழையைப் பற்றியே பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தான் காத்திருந்தது ஒரே ஒரு படத்துக்கு. ஆற்றங்கரையில் பொதுக் குளியல்கூடம் நடத்தும் மூன்று சகோதரிகளின் கதை. மொத்தம் ஒன்பது ரீல். கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ ஃபிலிம் சொசைட்டியில் அதில் ஏழு ரீல் பார்த்திருக்கிறார். எட்டாவதை மாட்டும்போது புரொஜெக்டர் பல்பு போய்விட்டது. மாற்று பல்பு இல்லை என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழாம் ரீல் கடைசியில் நடு சகோதரி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள். அவள் திரும்பி வந்தாளா இல்லையா என்பது முப்பத்தொரு வருடமாக அந்த மனிதருக்குத் தெரியாது.

"கதைய எங்கயாவது படிச்சுத் தொலைங்களேன்" என்பாள் அக்கா.

"படிக்கறதுக்கா அவன் படம் எடுத்தான்?" என்பார் அத்தான்.

ஒரு வழியாக அந்தப் படம் டிஸ்க்கில் வருகிறது, அடுத்த மாதமே வருகிறது என்று கம்பெனி அறிவித்தது. அத்தான் டீவித் திரையை மூன்று முறை துடைத்தார். பத்தே நாளில் இன்னொரு அறிவிப்பு. எட்டாம் ரீலின் மூலம் தொலைந்துவிட்டதாம். கையில் இருப்பது காப்பிக்குக் காப்பி எடுத்த ஒன்று. வெளிநாட்டுக் காப்பகம் ஒன்றில் நல்ல பிரதி இருக்கிறதாம், அதை வரவழைத்துச் சேர்க்க எட்டு மாதம் ஆகுமாம். இருப்பதைப் போட்டு வெளியிடவா, காத்திருக்கிறீர்களா என்று கேட்டு, அந்த ரீலிலிருந்து அரை நிமிடம் மாதிரிக்கும் போட்டிருந்தார்கள்.

பார்த்தேன். கருப்பு தார் மாதிரி, வெள்ளை சுண்ணாம்பு மாதிரி. நடுவில் ஒன்றுமே இல்லை. கன்னம் எங்கே, கழுத்து நிழல் எங்கே? இதைத் தலையில் கட்டலாமா என்று ரசிகர்களிடமே கேட்கிற அளவுக்கு அவர்களுக்குத் துணிச்சல்! உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். "பார்க்கத் தகுதியற்ற ஒரு ரீலோடு இந்தப் படத்தை வெளியிடுவது அதை எடுத்தவருக்கு அவமானம், காத்திருந்தவர்களுக்கும் அவமானம்." ஜப்பானியப் படமே பார்க்காதவர்களைக்கூட விடாமல் நூற்று அறுபத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது அத்தானுடையது. அவர் பேனாவைக் கோட்டுக்கு ரொம்பக் கீழே கொண்டுபோனார். "இங்க அத்தான்" என்று விரலைப் பிடித்து நகர்த்திவிட்டேன். அப்போதாவது எனக்கு உறைத்ததா? இல்லை. கையெழுத்துக் கிடைத்த சந்தோஷத்தில் அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

கம்பெனி பணிந்தது. எட்டு மாதம் தள்ளிவைத்தார்கள். நாங்கள் வெற்றி விழாவே கொண்டாடினோம்.

ஐந்து மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் லேபுக்கு வந்தாள். அவள் அங்கே வந்ததே இல்லை. அச்சுகளும் பொடி டப்பாக்களும் இருந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவர் ஸ்கூலுக்குப் போயே நாலு மாசம் ஆச்சுடி."

"என்னக்கா சொல்ற? லீவுன்னாரே?"

"லீவு! பக்கவாட்டுல வர்ற வண்டி தெரியல. படி தெரியல. கண் நரம்பு காஞ்சுக்கிட்டே வருதாம். போன பார்வை திரும்பாதாம். இருக்கறது இன்னும் எத்தன மாசம்னு டாக்டரே கைய விரிக்கறார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்டயா? நீதான் லெட்டரத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்திக்கிட்டிருந்தியே. என் கண்ணுக்காக அவசரப்படுத்தினா கூட்டத்துக்கே அசிங்கம், வாய மூடுன்னுட்டார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாயங்காலம் நேராக அத்தானிடம் போய்க் கத்தினேன். "இது என்ன வீறாப்பு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டிருப்பேனே!"

"அதான் சொல்லல" என்றார்.

"ஃபோன்ல ஏதோ ஒரு காப்பி கிடக்கு. இப்பவே போடறேன், பாருங்க."

"முப்பத்தொரு வருஷம் பசியோட இருந்தவன எச்சித் தட்டுல சாப்பிடச் சொல்றியா? போம்மா வக்கீலம்மா, உன் சட்டத்த நீயே மீறாத." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் முகத்துக்கு நாலு விரற்கடை இடப்பக்கமாகப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாளிலிருந்து கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், ரசிகர்கள் கோரிக்கையை ஏத்துத்தான் தள்ளி வச்சிருக்கோம்."

"அந்த ரசிகர் நான்தாம்மா!"

"அப்போ உங்க கோரிக்கைதானே மேடம்?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தொடர்ந்து பதினோரு நாள் பேசினேன். கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் அழுதே விட்டேன். கடைசியில் தயாரிப்புப் பிரிவில் இருந்த ஒரு ஆள் பேசினார். "அந்தப் பழைய எட்டாம் ரீலப் போட்டு அடிச்ச சாம்பிள் டிஸ்க் ஒண்ணு அலமாரில கிடக்கும்மா. விற்பனைக்கு இல்ல. அனுப்பறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். அந்தக் கட்டடத்தில் மனிதன் என்று ஒருவர் இருந்தார். சரி, அவரை மட்டும் மன்னித்துவிடுகிறேன்.

ஆனால் அதில் இருப்பது அந்த எட்டாம் ரீல். தெரிந்தால் அத்தான் பார்க்க மாட்டார். ஆகவே பொய் சொன்னேன்: "கம்பெனி வேலைய சீக்கிரமே முடிச்சிட்டான். டிஸ்க் வந்தாச்சு." அக்காவிடமும் சல்லடையிடமும் மட்டும் உண்மையைச் சொன்னேன். "வாயத் திறந்தீங்க, தொலைச்சிடுவேன்" என்று சல்லடையிடம் தனியாகவும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நாங்கள் நாலு பேர் மட்டும். அக்கா ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். அத்தான் நாற்காலியை டீவிக்கு இரண்டடி முன்னால் போட்டுக்கொண்டார். படம் ஆரம்பித்தது. என்ன சுத்தம், என்ன சாம்பல்! ஆவி எழுவதும், ஈரப் பலகையும், பனி மூடிய ஆறும் என் கண்ணை நிறைத்தன. திரும்பி அத்தானைப் பார்த்தேன். கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடிக்கொண்டிருந்தார்.

"இப்பப் பேசறது யாரு, பெரியவளா?"

"சின்னவ, அத்தான்."

"ஓ. அந்தப் பக்கம் இருக்கறது கதவா?"

"இல்ல, ஆறு."

"ஆறா" என்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையை மட்டும் ஆட்டினார். ஏழு ரீலும் இப்படியே போயின. அந்த அருமையான சாம்பல்கள் எல்லாம் அவருக்கு ஒரே புகை என்று எனக்குப் புரிந்தது. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

எட்டாம் ரீல் வந்தது. முதல் ஃபிரேமிலேயே தெரிந்துவிட்டது. கோடு, கீறல், தார்க் கருப்பு, சுண்ணாம்பு வெள்ளை. சல்லடை, "ஐயையோ, இது..." என்று ஆரம்பித்தார். அவர் தொடையில் நகம் பதியக் கிள்ளினேன்.

"வந்துட்டா!" என்றார் அத்தான்.

நான் எடுத்துக்கொடுக்காமலே அவர் சொல்லிக்கொண்டு போனார்.

"பனியில நடந்து வர்றா பாரு. கருப்பு உடுப்பு. கையில விறகு. வீட்டுக்குள்ள போகல, பின்னால போறா. அடுப்ப மூட்டறா! விடிஞ்சா அக்கா தங்கச்சிக்கு வெந்நி வேணுமேன்னு மூட்டறா. ஐயோ, குச்சி அணைஞ்சு போச்சு. இன்னொண்ணு கிழிக்கறா. அந்தக் குச்சி கூடத் தெரியுதும்மா எனக்கு!"

காப்பிக்குக் காப்பி எடுத்ததில் நடு நிறமெல்லாம் செத்து, கருப்பும் வெள்ளையும் மட்டும் மிச்சம் இருந்தன. அவர் கண்ணில் மிச்சம் இருந்ததும் அது ரெண்டும்தான். அவள் நெருப்பு பற்றும்வரை குந்தியிருந்தாள். பிறகு கதவைத் தட்டாமலே வந்த வழியில் திரும்பிப் போனாள். அத்தான் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பதாம் ரீல் தொடங்கியதும் அவர் மறுபடி கழுத்தைத் திருப்பித் தேட ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். "நிறுத்தும்மா" என்றார். நிறுத்தினேன்.

"அந்த ஒரு ரீல்தான் புதுசா வரவழைச்சது, இல்ல?"

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"என்னமா பளிச்சுன்னு இருக்கு! மத்ததெல்லாம் அது கால்தூசிக்கு வருமா? நல்லவேள, அன்னிக்கு நீ பிடிவாதமா லெட்டர் போட்ட. இல்லன்னா அந்தக் குப்பைய இல்ல பார்த்திருப்பேன்! நாம காத்திருந்தது வீண் போகலம்மா."

சல்லடை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் இதே டிஸ்க், இதே குப்பையோடு, கடைக்கு வந்திருக்கும். அப்போது அவர் கண் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது ரீலையும் பார்த்திருப்பார். ஆற்றையும் பார்த்திருப்பார். அதைத் தடுத்தது கம்பெனி இல்லை. கம்பெனிக்காரன் என்னிடம் கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன், நூற்று அறுபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் வேண்டாம் என்றேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"ஆமா அத்தான்" என்றேன்.

"அதையே இன்னொரு தரம் போடு" என்றார். போட்டேன்.