கறியைத் தாண்டிய ஒலி

“விரல் கனத்துக்கு ஒரே துண்டா வேணும் அத்தா. எலும்பு, கொழுப்பு எதுவும் இருக்கக் கூடாது,” என்றாள் நுஸைபா.

சிம்மக்கல்லில் கறிக்கடை வைத்திருக்கும் முகம்மது கனி மகளை ஏறிட்டுப் பார்த்தார். “சுக்காவுக்கா?”

“லேபுக்கு.”

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. புற்றுநோய்ச் செல்களோடு மிக நுண்ணிய துகள்களைக் கலந்து, காதுக்குக் கேட்காத ஒலியைப் பாய்ச்சினால், துகள்கள் விழித்துக்கொண்டு செல்களைக் கொன்றுவிடும். செல் வளர்க்கும் கண்ணாடித் தட்டில் அதைச் செய்து பார்த்துவிட்டாள். ஆனால் மனிதனுக்குக் கட்டி தட்டிலா வருகிறது? நடுவில் இருக்கும் சதையைத் தாண்டி ஒலி போய்ச் சேருமா என்பதுதான் அவளைக் குடைந்தது.

மகள் சொல்லி இதெல்லாம் தெரிந்திருந்த கனி வெட்டிக் கொடுத்தபடியே கேட்டார்: “ஈரலுக்குள்ள கட்டி இருந்தா அம்புட்டு ஆழம் போகுமா?”

“அது தெரியாமத்தான் அத்தா இதை வாங்கிட்டுப் போறேன்.”

லேபில் ஒலிக்கருவிக்கும் துகள் கலந்த செல் தட்டுக்கும் நடுவே கறியை வைத்து, இருபுறமும் ஜெல் தடவி, ஒலியைச் செலுத்தினாள். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு செல்கூடச் சாகவில்லை.

“சதையே ஒலியைக் குடிச்சிருச்சு. பவரைக் கூட்டிப் பாரு,” என்றார் வழிகாட்டி தீப்தி மேடம்.

கூட்டினால் சூடேறி நல்ல செல்லும் வெந்துபோகுமே! நுஸைபாவுக்கு மனசு வரவில்லை. கறியை எடுத்து அழுத்திப் பார்த்தாள். ஓரத்தில் பொடிப்பொடியாய்க் குமிழிகள் வந்தன. உள்ளே காற்று! காற்று இருந்தால் இந்த ஒலி தாண்டாது.

புதிய துண்டை உப்புநீரில் போட்டு மூடி, பம்பால் காற்றை உறிஞ்சினாள். சோடா போலக் குமிழிகள் பொங்கி அடங்கின. பிறகு, அதே பவரில் அதே ஒலி. ஒப்பிட்டுப் பார்க்க, துகள் கலக்காத இன்னொரு தட்டையும் அதே மாதிரி வைத்தாள்.

மறுநாள் துகள் இல்லாத தட்டில் செல்கள் சுகமாக இருந்தன. துகள் கலந்த தட்டில் பாதிக்கு மேல் சுருங்கிச் செத்துக் கிடந்தன.

“மேடம், இங்க வாங்களேன்! ஒலி போயிருக்கு!”

குனிந்து பார்த்த மேடத்தின் முகம் மலர்ந்தது. “போயிருக்குத்தான். ஆனா இது ரத்தம் ஓடாத கறி. உயிருள்ள உடம்புல என்ன ஆகும்னு சொல்ல வருசக்கணக்கா ஆகும், நுஸைபா.”

அவள் தலையாட்டினாள். மறுபடியும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். செத்தவற்றுக்கு நடுவே சில செல்கள் ஒன்றுமே நடக்காதது போல ஒட்டிக்கொண்டிருந்தன.

“இதுக மட்டும் ஏன் மேடம் சாகல?”

“எனக்கும் தெரியல. நாற்காலியை இழுத்துப் போடு, பாப்போம்.”