வெள்ளையன் ஓடியாக வேண்டும்

"ஓடுத நாயையே எத்தனை வாரம்வே பாக்கது? ஒரு தடவையாச்சும் நிக்கட்டும்."

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீஸில் ஆசிரியர் ஸுந்தரராஜன் இப்படிச் சொன்னதும் படக்கதை வரையும் ராக்கப்பன் கையிலிருந்த பக்கத்தை மேஜைமேல் வைத்தான்.

'துள்ளல்' சிறுவர் வார இதழின் கடைசிப் பக்கப் படக்கதையில் வெள்ளையனின் பிழைப்பே ஓடுவதுதான். ரோஸ் மூக்கு, தொங்கும் காது, தலைக்குப் பெரிதான காக்கித் தொப்பி, கழுத்தில் விசில். கோழியம்மாள் தானியம் அடுக்கிவைத்திருக்கும் கிட்டங்கிக்கு அவன் வாட்ச்மேன். வாயைத் திறந்தால் வீரப் பேச்சு. நரி வந்தால் பின்னங்கால் பிடரியில் பட ஓட்டம். ஓடுகிற ஓட்டத்தில் வாளியை உருட்டி, துணிக்கொடியை அறுத்து, ஊரையே எழுப்பிவிடுவான். நரி தானாக மாட்டிக்கொள்ளும். "ராஜபாளையத்து நாய் மானத்தையே வாங்கிட்டியேலே" என்று ராக்கப்பனைச் சட்டையைப் பிடித்துக் கேட்டவர்கள்கூட வியாழக்கிழமை புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்துதான் பிரித்தார்கள்.

"நின்னா அது வெள்ளையன் இல்ல சார்" என்றான் ராக்கப்பன். "நம்ம நடுப்பக்கத் துப்பறியும் முயலை எந்தப் பிள்ளையாவது கேக்கா? அதுக்கு எல்லாம் தெரியும், நம்ம தயவு வேண்டாம். வெள்ளையனுக்குப் பயம். அதை மறைக்க அவன் படுத பாட்டுக்குத்தான் பிள்ளைக சிரிக்கி. பயம் போச்சுன்னா அவன் வெறும் நாய்."

"ஞாயித்துக்கிழமை டிவியில பொம்மையெல்லாம் பறந்து பறந்து அடிக்கி. மதுரை ஏஜென்ட் என் உசிரை எடுக்கான். நிக்க வைக்கீரா, இல்ல அந்தப் பக்கத்துல குறுக்கெழுத்துப் போட்டுரவா?"

ராக்கப்பன் நிற்க வைத்தான்.

காதை நிமிர்த்தினான். புருவத்தை நெரித்தான். சுவரேறிக் குதித்த நரிகளை வெள்ளையன் ஒண்டியாக மறித்து, விசிலை ஊதி, நெஞ்சைக் காட்டி நின்றான். வரைந்து முடித்ததும் ராக்கப்பனுக்கே அது யாரோ என்று இருந்தது.

அதோடு போயிருந்தால் கதையே இல்லை. ஆனால், வெள்ளையனுக்கு ஓர் அசல் உண்டு.

ராக்கப்பனின் அக்கா முத்துப்பேச்சியின் புருஷன் பால்சாமி, ராஜபாளையத்து மில் ஒன்றில் பஞ்சுக் கிட்டங்கிக் காவல். திருடன் தலை தெரிந்தால் போதும், தொழிலாளர் லைன் வீடுகள் வரைக்கும் கத்திக்கொண்டே ஓடுவார். கூட்டம் கம்போடு வரும். திருடன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுவான். 'ஓட்டக்கார வாட்ச்மேன்' என்று முகத்துக்கு நேரே சிரித்த ஊர், வெள்ளையன் வந்த பிறகு அவரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தது. "நம்ம கதையைத்தான் மாப்ள போடுதான்" என்பார். ராக்கப்பனும் ஊர் கேட்கவே சொல்வான்: "ஒங்களைப் பாத்துத்தான் மச்சான் வரையுதேன்."

அந்த வியாழக்கிழமை பால்சாமி புத்தகத்தோடு வீடு தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாப்ளே, கடைசில என்னைய நிமித்திட்டியே!"

"அது சும்மா கதை மச்சான். ஆசிரியர் கேட்டாருன்னு…"

"இம்புட்டு நாளும் கதைன்னா சொன்னே?"

ராக்கப்பன் வாசல் வரைக்கும் பின்னாலேயே போனான். பால்சாமி நெஞ்சை நிமிர்த்தித் தெருவில் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அடுத்த வாரமே மில் சுவரை மூன்று பேர் ஏறிக் குதித்தார்கள். பால்சாமி ஓடவில்லை. விசிலை ஊதிக்கொண்டு குறுக்கே நின்றார். கடப்பாரையின் முதல் அடி தோளில், இரண்டாவது தலையில்.

ஆஸ்பத்திரி வார்டில் கட்டுப்போட்ட தலைக்குள்ளிருந்து அவருடைய கண்கள் மினுங்கின. "நின்னேன்ல மாப்ளே! அடுத்த மட்டம் அவனுக வரட்டும், ஒருத்தனை அமுக்கிப் பிடிச்சிருவேன்."

முத்துப்பேச்சி தம்பியை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமாலே? இன்னும் ஒரு அடி விழுந்தா ஆள் மிஞ்ச மாட்டாராம். இவிய என்னன்னா கட்டு எப்பப் பிரிப்பாகன்னு கேக்காக. நான் அழுதும் பாத்தாச்சு, ஏசியும் பாத்தாச்சு. அந்த நாய் சொன்னாத்தான் கேப்பாக. அதை ஓட விடுலே."

"அவருக்கு மனசு விட்டுப்போகும்க்கா."

"மனசு கிடக்கட்டும். எனக்கு ஆள் வேணும்."

ராக்கப்பன் வரைந்தான். அதுவரை வரைந்ததிலேயே படு வேடிக்கையான பக்கம் அதுதான். போன வார வீரத்தைக் கோழியம்மாளிடம் வெள்ளையன் அளந்துகொண்டிருக்கிறான். முதுகுக்குப் பின்னால் ஒரு காய்ந்த இலை விழுகிறது. அவ்வளவுதான், தொப்பி ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம், வெள்ளையன் எட்டாத தூரத்தில் ஒரு புள்ளி. நரியே வரவில்லை.

ஸுந்தரராஜன் பார்த்ததும் கொதித்தார். "நின்ன நாய்க்கு இப்பத்தான் ஏஜென்ட் கூடுதலாப் புத்தகம் கேக்கான். கெடுத்தீரே ஓய்!" ஆனால் அச்சுக்கு ஏற வேண்டிய நாள், கையில் வேறு பக்கம் இல்லை. வேண்டுமென்றேதான் ராக்கப்பன் கடைசி நேரத்தில் கொண்டுபோனான். ஆசிரியர் முனகிக்கொண்டே அச்சுக்கு அனுப்பினார். அனுப்பும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை வார்டில் புத்தகம் கட்டில் கட்டிலாகப் போனது. காலொடிந்து கிடந்த அப்துல் ஹமீது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணாச்சி, ஒம்ம ஆளு இலைக்கே பறந்துட்டான் பாத்தீரா?"

பால்சாமி வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டமாக, எழுத்துக் கூட்டி. முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

"நாந்தானா மாப்ளே இது?"

கட்டில் காலருகே முத்துப்பேச்சி தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு சொல் போதும், அந்த முகம் மலர்ந்துவிடும். மலர்ந்த முகத்தோடு மனுஷன் மறுபடியும் சுவரடியில் போய் நிற்பார்.

"ஆமா மச்சான். நீங்கதான்."

பால்சாமி புத்தகத்தை மூடி ஹமீதிடம் நீட்டினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

கட்டுப் பிரித்ததும் காவல் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். பகலில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கப் போனார். திருடன் வராத இடம். முத்துப்பேச்சி மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள். பொங்கலுக்கு ராக்கப்பன் போனபோது பால்சாமி கையலம்பிவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாசலில் அவன் குரல் கேட்டதும் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு, தலை குனிந்தபடியே, விறுவிறுவென்று புறவாசலுக்குப் போய்விட்டார்.