வேலை செய்வீர்களா?

பெலாரஸ் எல்லையில் இருக்கும் பிரெஸ்ட் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கிறவர்களைப் பார்த்தாலே யார் எதற்குப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆற்றைத் தாண்டிப் போலந்தில் சாமான் வாங்கப் போகிற உள்ளூர்க்காரர்கள் காலிப் பையோடு ஏறுவார்கள். ரஷ்யாவின் செச்சன்யாவிலிருந்து தப்பி வந்த செச்சன் குடும்பங்கள் வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு ஏறும். குழந்தைக்குத் தலை சீவி, இருப்பதிலேயே நல்ல சட்டையை மாட்டி, அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு கிளம்பி வருவார்கள். மத்தியானம் அதே மூட்டையோடு அதே ரயிலில் திரும்பி வந்து இறங்குவார்கள். மறுநாள் காலை மறுபடியும் தலை சீவல்.

ஹேதாவும் அவள் புருஷன் சுலும்பெக்கும் மகள் ஸாலினாவும் அந்த வசந்தகாலம் முழுக்க இப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள். அன்று மட்டும் ஹேதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெலாரஸில் அவர்கள் தங்கலாம் என்று விட்டிருந்த கெடு அன்றோடு முடிகிறது. இன்றைக்குப் போலந்துக்காரன் உள்ளே விட்டால் பிழைத்தார்கள். விடாவிட்டால் சொந்த ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அங்கே சுலும்பெக்கை மறுபடி கூட்டிப்போக ஆள் காத்துக்கொண்டிருக்கிறது. நெஞ்சு படபடக்க, கன்னம் சிவக்க, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி அவள் ரயிலில் உட்கார்ந்திருந்தாள்.

எதிர் பெஞ்சில் தபாரிக். தனி ஆள், விதவை, வாய் மட்டும் நாலு பேருக்கு உள்ளது.

"என்ன ஹேதா, இன்னைக்காவது உன் வீட்டுக்காரர் வாயைத் தைச்சுக் கூட்டிட்டு வந்தியா?"

"அக்கா, சும்மா இருங்க. அவர் காதுல விழும்."

"விழட்டும்னுதானே சொல்றேன்!"

சுலும்பெக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆற்றுப் பாலத்தில் ரயில் தடதடத்தது. ஸாலினா தன் பொம்மையை மடியில் நிறுத்தி, "வேலைக்கா வந்தே? திரும்பிப் போ!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்கே மனப்பாடமாகிவிட்ட விஷயம் அது. சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. எல்லையில் வந்து நின்று ஒருவர் 'ஊரில் என் உயிருக்கு ஆபத்து, தஞ்சம் வேண்டும்' என்றால், கவுண்டரில் இருப்பவர் அதை எழுதிக்கொண்டு உள்ளே விட வேண்டும். நிஜமா பொய்யா என்று விசாரிப்பது பிறகு, வேறு இடத்தில், வேறு ஆட்கள். ஆனால் கவுண்டர்காரர் எதை எழுதுவார்? தன் காதில் விழுந்ததை. காதுக்குச் சட்டம் போட இன்னும் எந்த நாட்டுக்கும் வழி தெரியவில்லை. தஞ்சம் என்று இவர்கள் சொல்வார்கள். அவர் சாவகாசமாக, "அங்கே போய் வேலை செய்வீர்களா?" என்று கேட்பார். ஆமாம் என்றால் ஆட்டம் முடிந்தது. 'வேலை தேடி வந்தவர்' என்று எழுதி, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தி, ரயிலைக் காட்டிவிடுவார்.

வேறு எவனாக இருந்தாலும் ஒருநாள் திருப்பி அனுப்பியதும் மறுநாள் பேச்சை மாற்றிக்கொள்வான். சுலும்பெக்குக்கு அது வரவே வராது. முந்தின நாள் சாயங்காலம் ஹேதா கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"வேலை செய்வீங்களான்னு கேட்டா, அதுக்குப் பதிலே சொல்லாதீங்க. ஊருக்குப் போனா கொன்னுடுவாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா வேலை செய்வியான்னு கேக்கறான். நான் ஊமையாட்டம் நிக்கணுமா? ஓசிச் சோறு திங்கவா வந்திருக்கேன்?"

"அப்ப உங்களை என்ன பண்ணாங்கன்னாவது சொல்லுங்க."

"எங்க சொல்றது? பின்னாடி வரிசையில நம்ம ஆளுங்க அத்தனை பேரும் நிக்கறானுங்க. ஒருத்தனுக்கு மேல ஒருத்தன் மூச்சு விட்டுக்கிட்டு! அவனுங்க முன்னாடி... போ, போய்ப் படு."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடிபட்டதைச் சொல்ல அந்தப் போலந்து ஸ்டேஷனில் ஒரு தனி அறை கிடையாது. ஒரே கூடம், கண்ணாடியில் ஒரு ஓட்டை, பின்னால் ஊர் முழுக்க. அங்கே நின்று ஒரு மனிதன் தன் மானத்தை அவிழ்த்து வைக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் ஏற்பாடு செய்தானோ தெரியவில்லை.

அன்று கவுண்டரில் புது அதிகாரி. இளவயது, ஜலதோஷம் பிடித்த மூக்கு. ரஷ்ய மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசினான்.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"தஞ்சம் கேட்டு வந்திருக்கோம்," என்றான் சுலும்பெக். ஹேதா இரண்டடி பின்னால் குழந்தையோடு நின்றாள். புருஷன் இருக்கும்போது அன்னிய ஆம்பளையிடம் பெண்சாதி பேசுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

"ஊர்ல என்ன பிரச்னை?"

"பிரச்னை இருக்கு."

"இருக்குன்னா? என்னன்னு சொல்லுங்க."

"பெரிய பிரச்னை."

ஹேதாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"சரி. இங்க இடம் குடுத்தா என்ன செய்வீங்க? வேலை செய்வீங்களா?"

சுலும்பெக்கின் முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வைப் பார்த்ததுமே அவள் குழந்தையின் கையை இறுகப் பிடித்தாள்.

"ஏன் செய்யாம? கூரை போடுவேன், சுவர் வைப்பேன், எதைக் குடுத்தாலும் செய்வேன். அடுத்தவன் கையை எதிர்பாக்கற குடும்பம் இல்ல சார் எங்களது."

பின்னால் வரிசையில் இரண்டு பேர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள், பைத்தியக்காரர்கள். பேனாவுக்குச் சட்டென்று சுறுசுறுப்பு வந்தது. எழுதி முடித்து அதிகாரி முத்திரையைக் கையில் எடுத்தான்.

ஹேதாவுக்கு உள்ளே ஏதோ பொங்கிவந்தது. பயம் இல்லை, கோபமும் இல்லை, இரண்டும் சேர்ந்து கொதித்த ஒன்று. குழந்தையை இழுத்துக்கொண்டு கண்ணாடிக்கு நேராகப் போய் நின்றாள்.

"சார், ஒரு நிமிஷம் இருங்க! கூரை போடுவார்னு எழுதிட்டீங்கல்ல? வலது கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க."

"என்னம்மா?"

"கூரைன்னா மேலதானே இருக்கு? கை மேல போகணும்ல? தூக்கச் சொல்லுங்க!"

"வாயை மூடு," என்றான் சுலும்பெக் பல்லைக் கடித்துக்கொண்டு. அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் அந்த மாதிரி பேசியதில்லை. அவளும் அவனை நாலு பேர் முன்னால் மறித்ததில்லை.

அதிகாரி முத்திரையைக் கீழே வைத்தான். "தூக்குங்களேன், பாப்போம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதுதானே வாய்கிழியப் பேசினான்! சுலும்பெக் கையைத் தூக்கினான். கை நெஞ்சுவரை வந்தது. அங்கேயே நின்றது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு தம் பிடித்தான், நெற்றியில் வியர்வை அரும்பியது, தோள் ஒரு பக்கமாகக் கோணியது. கை ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

"பின்னாடி கட்டித் தொங்கவிட்டாங்க சார்," என்றாள் ஹேதா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "என் கொழுந்தன் போன்ல எதையோ எழுதிட்டானாம், அதுக்கு இவரைப் பிடிச்சிட்டுப் போய்ப் பாதாள அறையில வெச்சிருந்தாங்க. இன்னைக்கும் சட்டையை நான்தான் மாட்டிவிடறேன். வேலைக்கு வந்த ஆளாம், எழுதறீங்க!"

கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. சுலும்பெக்கின் மானம் கப்பலேறிவிட்டது, ஏற்றிவிட்டவள் பெண்சாதி. அவன் காது மடலெல்லாம் ரத்தச் சிவப்பாகிவிட்டது.

அதிகாரி முன்னால் குனிந்தான். "இது உண்மையா? அவங்க சொன்னா பத்தாது. உங்களுக்கு நடந்ததை நீங்கதான் சொல்லணும். சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

சுலும்பெக் திரும்பிப் பார்த்தான். வரிசையில் அத்தனை கண்ணும் அவன்மேல். ஒரு சொல், 'ஆமாம்' என்று ஒரே ஒரு சொல் போதும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் ஹேதாவுக்குத் தெரிந்துபோயிற்று, இந்த ஆள் 'இல்லை' என்றுதான் சொல்லப்போகிறான். செத்தாலும் ஆமாம் என்று சொல்ல மாட்டான்.

அப்போது வரிசையின் முன்னால் நின்ற உயரமான கம்பளித் தொப்பிக்காரப் பெரியவர் மெல்லத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தவன் திரும்பினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். ஒவ்வொரு முதுகாகத் திரும்பிக்கொண்டே போயிற்று. கடைசி முதுகும் திரும்பிய நேரத்தில், மூலையில் தனியாக நின்ற தபாரிக்கின் குரல் கூடத்தைக் கிழித்தது.

"யோவ், எவன்யா அது என் காலை மிதிச்சது?"

யாரும் மிதிக்கவில்லை. அவளைச் சுற்றி ஆளே இல்லை.

"நான்தான் மிதிச்சேன்! இப்ப என்னங்கற?" என்று தூரத்திலிருந்து பெரியவர் சுவரைப் பார்த்தபடியே கத்தினார்.

"மிதிச்சது போதாதுன்னு திமிரு வேறயா? உன் தொப்பிக்குள்ள தலை இருக்கா, காலியா?"

"நீ ஏன் வழியில காலை நீட்டிக்கிட்டு நிக்கற? உனக்கு மட்டும்தான் ஸ்டேஷனா?"

அவ்வளவுதான், கூடம் பற்றிக்கொண்டது. ஒருவன் தபாரிக்கின் கட்சி, இன்னொருவன் பெரியவர் கட்சி, மூன்றாமவன் எந்தக் கட்சியும் இல்லாமல் சும்மா கத்தினான். கைக்குழந்தைகள் வீறிட்டன. வாசல் காவலர்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் போட்ட சத்தமும் இதோடு சேர்ந்துகொண்டது. எல்லைக் கூடமா, மாட்டுச்சந்தையா என்று தெரியவில்லை.

சுலும்பெக் ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு குனிந்து, கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தான்.

இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும் என்றுதான் ஹேதா நினைத்தாள். அவளுக்குத் தெரிந்ததை எல்லாம் அவளே சொல்லிவிட்டாளே. ஆனால் அவன் உதடு நிற்கவில்லை. அதிகாரி எழுதினான், எழுதுவதை நிறுத்தி அவனையே பார்த்தான், பிறகு இன்னொரு தாளை எடுத்தான். மூக்கு ஒழுகியதைக்கூட அவன் துடைக்கவில்லை. சுலும்பெக் பேசிக்கொண்டே இருந்தான். கையை மட்டுமா உடைத்தார்கள்? அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டு, தனக்கு எல்லாம் தெரியும் என்று இத்தனை நாள் இருந்துவிட்டாளே! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இன்னும் ஓரடி கிட்டப் போயிருந்தால் எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஹேதா ஸாலினாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாங்கினாள். தபாரிக் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஏன்க்கா, பெரியவர்கிட்ட இப்படியா பேசறது? உங்களுக்கு மட்டு மரியாதை இல்லையா?"

"வந்துட்டாடீ நியாயம் பேச!" தபாரிக்கின் முகம் சந்தோஷத்தில் ஜொலித்தது. "உன்னை யாருடீ கூப்பிட்டா?"

இருவரும் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டார்கள்.

கடைசியில் அதிகாரி எழுந்து, பக்கத்தில் இருந்த இன்னொரு கதவைத் திறந்துவிட்டான். இத்தனை நாள் போய்வந்ததில் அந்தக் கதவு திறந்து ஹேதா கிட்டத்தில் பார்த்ததே இல்லை. கலவரம் செய்தார்கள் என்று வரிசையில் மிச்சமிருந்தவர்களை எல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் காவலர்கள் ரயிலுக்கு ஓட்டினார்கள். பெரியவர் யாரையும் பார்க்காமல் நடந்தார். தபாரிக் மட்டும் கரகரத்த குரலில், "போ, போ, நின்னு பாக்காத! நாங்க நாளைக்கு வந்துக்கறோம்!" என்று கையை ஆட்டி விரட்டினாள். ஹேதாவுக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே ஒரு பெஞ்ச். மூவரும் உட்கார்ந்தார்கள். வெளியே ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. முதல் தடவையாக அது அவர்கள் இல்லாமல் போகிறது. ஹேதாவுக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வந்தன, ஆனால் பக்கத்தில் இருந்தவனைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சுலும்பெக் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"இல்ல. நான் கத்திக்கிட்டு இருந்தேன்."

அவன் தலையை நிமிர்த்தினான்.

"தூரத்துல உன் குரல் கேட்டுச்சு," என்றான். "அதான் முழுசாச் சொன்னேன்."