குழாய்ச் சத்தம்

அவளுக்கு வயிறு வலிக்கிறது என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சிகூட இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வாய்வழியாகக் கேமரா விட்டு உள்ளேயும் பார்த்துவிட்டார்கள். எல்லாம் நார்மல். "பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்று டாக்டர் சிரித்தபடி சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்லோ புண்ணோ ஏதாவது ஒன்று இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு போனவளிடம் ஒன்றுமில்லை என்று சொன்னால், அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி வாசலிலேயே போனை எடுத்துச் சொந்தபந்தம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். "எல்லாம் நார்மல், ஒரு குறையும் இல்ல." மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது, கவலையில் அவர் சரியாகத் தூங்கியே நாளாகியிருந்தது. நாத்தனார் மட்டும் வீடு தேடி வந்து, குரலைத் தாழ்த்தி, "மனசுல எதையாவது போட்டுக் குழப்பிக்கிறீங்களா அண்ணி?" என்று கேட்டாள்.

ரிப்போர்ட் நார்மல்தான். வலிக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொப்புளுக்குக் கீழே பிடித்துத் திருக ஆரம்பிக்கும். துணிக்கடையில் பேன்ட் கால் மடித்துத் தைப்பது அவள் வேலை. அங்கே பிழைத்தாள். எந்நேரமும் மெஷின் மேல் கவிழ்ந்தே இருப்பவள் வேலையில் குனிகிறாளா, வலியில் குனிகிறாளா என்று எவருக்குத் தெரியும்? வீட்டில்தான் பெரும்பாடு. முதலில் சொல்லிப் பார்த்தாள். "அதான் நார்மல்னு சொல்லிட்டாங்களே" என்று பதில் வந்தது. பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். வலி வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தரையில் சுருண்டு முனகுவாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது.

"மகாராணிக்கு இன்னைக்கு எத்தனாவது குளியல்?" என்று கணவர் கிண்டலடிப்பார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவளும் சிரித்துவைப்பாள். சில நாள் அந்தச் சிரிப்பு வலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் மெக்கானிக் வீடு திரும்பியபோது வாயெல்லாம் பல். தட்டின் முன் உட்கார்ந்ததுமே கதையைத் தொடங்கிவிட்டார்.

"ஏழாவது மாடி டீச்சரம்மா ஞாபகம் இருக்கா? லிஃப்ட் குலுங்குதுன்னு ஓயாம போன் பண்ணுவாங்களே. நாங்களும் போவோம், மேலயும் கீழயும் ஓட்டிப் பார்ப்போம், அது பாட்டுக்கு வழுக்கிட்டுப் போகும். ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டு வந்துருவோம். அந்தம்மாவுக்குப் பொழுது போகலன்னு சிரிச்சிருக்கோம்."

"இன்னைக்கு என்னாச்சு?"

"இன்னைக்கு அவங்க விடல. உங்க பையையும் கூட வந்தவரையும் வெளிய விட்டுட்டு, தனியா ஒரு தடவை ஏறிப் பாருங்கன்னாங்க. ஏறினேன். ஆறாவது மாடி தாண்டினதும் போட்டுச்சு பாரு ஒரு குலுக்கு, ஈரக்குலையே நடுங்கிடுச்சு. லிஃப்ட் ஓடுற தண்டவாளத்தைப் பிடிச்சிருக்கிற கட்டை ஒரு பக்கமா தேஞ்சிருக்கு. நாங்க எப்பவும் ரெண்டு பேரு, கனமான பையோட போறோமா, அந்த பாரத்துல அமுங்கிடுது. ஒத்த ஆளா போனாத்தான் வருது." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பாவம், இத்தனை நாளா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய்ட்டு வந்திருக்காங்க. சும்மா யாராவது புகார் சொல்வாங்களா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் மட்டும் சும்மா சொன்னேனாங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் ஒத்த ஆளா இருக்கும்போதுதான் முனகல் வெளிய வருது. குளிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. நான் குளிக்கப் போகல."

சண்டை போடும் தெம்புகூட அவளிடம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். வாய் ஓயாத மனுஷன் பாதிச் சாப்பாட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டார். பிறகு எழுந்து கை கழுவினார்.

அடுத்த விடுமுறை நாள் மதியம் வலி வந்தது. பழக்க தோஷம், குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக் குழாயைத் திறந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"குழாயை மூடு."

"நீங்க போங்க, சரியாயிடும்."

"மூடும்மா. நான் மட்டும்தான் நிக்கிறேன்."

மூடினாள். தண்ணீர் நின்றதும் அவளுடைய முனகல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. வெட்கமாக இருந்தது. இதையா இத்தனை நாள் ஒளித்து வைத்தோம் என்று பயமாகவும் இருந்தது. கையை எட்டித் தாழ்ப்பாளை நீக்கினாள். அவர் உள்ளே வந்து, பேன்ட் நனைவதைப் பார்க்காமல் ஈரத்தரையில் உட்கார்ந்து, அவள் முதுகை நீவிவிட்டார். ஒரு கிண்டல் இல்லை. வலி உச்சத்துக்குப் போனபோது அவர் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள். அவர் கையை எடுக்கவில்லை.

வலி இறங்க வெகு நேரம் ஆயிற்று.

"நாளைக்கு மறுபடி டாக்டர்கிட்ட போவோம்" என்றார். "எப்ப வருது, எங்க பிடிக்குது, எப்படிப் படுத்துதுன்னு நானும் சொல்றேன்."

"மறுபடியும் நார்மல்னு சொன்னா?"

"சொல்லட்டும். அப்பவும் உனக்கு வலிக்குதுன்னு நான் சொல்வேன். நான்தான் காதால கேட்டேன்ல."

அவள் அவர் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். குழாய் மூடியேதான் இருந்தது.