நைனாவின் முறை

“விக்கெட்டு, ரெண்டு” என்றாள் சோனியா, கையிலிருந்த கிரிக்கெட் கார்டைப் பார்த்து.

தலையணைகளில் சாய்ந்திருந்த அவள் அப்பா தாவீது, தன் கார்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். வாடகைக்கு எடுத்த மிஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது.

“எனுக்கு நாப்பது” என்றார்.

சோனியா தோற்ற கார்டை அவர் பக்கம் வைத்தாள்.

கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் உலைக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்தவர் தாவீது. நுரையீரலில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். காலையிலிருந்து அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. கார்டை எடுத்து வரச் சொன்னார், அவ்வளவுதான்.

சோனியா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஆரம்பித்த பழக்கம் அது. வேலை விட்டு வரும்போது கவரைப்பேட்டை ஸ்டேஷன் கடையில் பபிள்கம் பாக்கெட் வாங்கி வருவார். உள்ளே ஒரு கிரிக்கெட் கார்டு இருக்கும். கம் அவளுக்கு, கார்டு இரண்டு பேருக்கும். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. பேரை அவள் படிப்பாள். மட்டையைப் பிடித்திருக்கும் விதத்தை வைத்தே அவர் ஆளைச் சொல்லிவிடுவார். ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் தெருப்பிள்ளைகளிடம் மாற்றிக்கொண்டு வருவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பாய் விரித்து ஆட்டம். முறை வருகிறவர் தன் கார்டிலிருந்து ரன், விக்கெட், கேட்ச் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். யாருடைய எண் பெரிதோ அவருக்கு இரண்டு கார்டும். செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை.

செவ்வாப்பேட்டையிலிருந்து வந்திருந்த அத்தை ஞானம்மா, வாசற்படியில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாஸ்டர் வருகிற நேரத்தில் இதென்ன விளையாட்டு என்று தம்பி மனைவி ஹெலனிடம் இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

தாவீது சோனியா வைத்த கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இவனாண்ட ரன்னு எவ்ளோ கீது. நீ போயி விக்கெட்ட சொல்றியே. உட்டுக்குடுக்கிறியா?”

“இல்ல நைனா.”

“நானும் உனுக்கு இப்டித்தாம்மா உட்டுக்குடுத்தேன். எனுக்குத் தெரியாதா?”

சோனியா தலையைத் தூக்கினாள். இது அவளுக்குத் தெரியாது. நைனாவை ஜெயித்துவிட்டேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

“ஒழுங்கா ஆடு” என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அடங்கியதும் அடுத்த கார்டை எடுத்தார். அவர் முறை. வெகுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு மார்மேல் கவிழ்த்துக்கொண்டார்.

“கேட்ச்” என்றார்.

“எனுக்குப் பன்னெண்டு நைனா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசினால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது அவருக்கு. அவள் அவசரப்படுத்தவில்லை. தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிந்தது. ஹெலன் ஈரத்துண்டோடு வந்து, துடைப்பதற்காக அவர் காலைப் பிடித்தாள். துடைக்காமல், அசையாத அவர் மார்பையே பார்த்து நின்றாள்.

“சோனியா, அந்த மிஷின நிறுத்தும்மா.”

“இரும்மா. நைனா இன்னும் நம்பர் சொல்லல.”

ஹெலனே குனிந்து சுவிட்சை அணைத்தாள்.

ஞானம்மாவின் அழுகை கேட்டு அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். விறைப்பதற்குள் கைகால்களை நீட்டிவிட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஞானம்மா தம்பியின் கையிலிருந்த கார்டை இழுத்தாள்.

“வுடுங்க அண்ணி. அவ எடுப்பா” என்றாள் ஹெலன்.

சோனியா ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கார்டை எடுத்துப் பார்த்தாள். கேட்ச், ஒன்று. ரன்னில் அவர்கள் சேர்த்த கார்டுகளிலேயே அதை மிஞ்ச வேறொன்று கிடையாது. யாருக்கு வருகிறது என்று இரண்டு பேரும் காத்துக் கிடக்கும் கார்டு அது. ரன் என்று சொல்லியிருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார்.

ஆட்டத்தின்படி அந்தக் கார்டு அவளுடையது. தன் கார்டுகளோடு சேர்த்து வைத்தாள்.

பாஸ்டர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். கல்லறைக்குச் சொல்ல ஆண்கள் கிளம்பினார்கள். ஐஸ் பெட்டி வரும் வழியில் இருந்தது. பொழுது சாயும்போது தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. நைட் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி வேன். கம்பெனிக்குச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் சோனியாவுக்கு உறைத்தது. வரவில்லை என்று சொல்வதற்காகச் செருப்பில்லாமல் நடந்து போனாள்.

வேன் கதவு திறந்தது. உள்ளே பெண்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா இவ்ளோ நேரம்? ஏறு” என்ற நர்மதா, பக்கத்திலிருந்த பையை மடிக்கு எடுத்துக்கொண்டு, ஜன்னலோடு ஒட்டி நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டாள்.

சோனியா கதவைப் பிடித்தபடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.